தாம்பரத்து மழைநீரும் மாமல்லபுரத் தோணியும்

தாம்பரத்தில் பெய்யும் மழை இரண்டு வழிகளில் கடலுக்குப் போகிறது. மேற்கே முடிச்சூர், பெருங்களத்தூர் ஏரிகளின் உபரிநீர், ஆதனூர்ப் பக்கம் தோன்றும் அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூர், சைதாப்பேட்டை வழியாக வடகிழக்கே ஓடுகிறது. கிழக்கே சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என ஏரிக்கு ஏரி நிரம்பி வழியும் நீர், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு என்னும் வடிகால் வழியே பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. பிழைப்புக்காக அன்றி, புதிய ஊரைக் காணும் ஆசையால் படகேறியவர்களின் வரலாறு தென்சென்னையைப் பொறுத்தவரை இவ்விரு நீர்வழிகளிலேதான் நடந்தது.

முதல் வழியான அடையாற்றின் கரையில் நிலைபெற்றது 1867இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் போட் கிளப். கொல்கத்தாவின் படகுக் கழகம் 1858லும் கொழும்பின் கழகம் 1864லும் தோன்றியவை. மூன்றும் ஆங்கிலேய வணிகர்களும் அதிகாரிகளும் தங்கள் நாட்டு ஆற்று விளையாட்டை இங்கே கொண்டுவந்ததன் விளைவுகள். இவ்விளையாட்டில் கையாளப்படுவது கையில் தூக்கிப் போடும் துடுப்பு அன்று. படகின் விளிம்பில் பொருத்தப்பட்ட நீண்ட தண்டு. தண்டு வலிப்பவர் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்வதால், விட்டு வந்த கரைதான் அவர் கண்ணில் படுமே தவிர, போய்ச்சேரும் கரை படாது. முன்னே பார்த்துச் சுக்கானைத் திருப்பும் பொறுப்பு, 'காக்ஸ்' என்று அழைக்கப்படுபவருடையது. அடையாற்றில் ஆண்டு முழுவதும் நீர் நிற்பது கழிமுகத்தை ஒட்டிய சில கிலோமீட்டர் மட்டுமே. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மேலே செல்லச் செல்ல ஆறு மெலிந்துவிடும். ஆகையால் கழகத்தார் ஒரே நீர்ப்பரப்பில் போவதும் திரும்புவதுமாக இருந்தனர்.

புதிய நீரைக் காண அவர்கள் கடல் கடக்க வேண்டியிருந்தது. 1898இல் தொடங்கிய சென்னை – கொழும்புப் படகுப்போட்டி அதற்கு வழிசெய்தது. ஓராண்டு அடையாறும் மற்றோராண்டு கொழும்பு நகரின் நடுவே உள்ள பேரை ஏரியும் களமாக, இரு கழகங்களும் ஒன்றையொன்று விருந்தினராக ஏற்கும் மரபு இதில் உருவானது. நீளமும் மென்மையும் கொண்ட பந்தயப் படகைக் கப்பலில் ஏற்றிச் செல்வது எளிதன்று என்பதால், விருந்தாளி அந்த ஊர்க் கழகத்தின் படகை இரவல் வாங்கி ஓட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம்; பயணம் செய்யும் பொழுதுபோக்குப் படகோட்டிகளும் இன்றுவரை அதையே பின்பற்றுகின்றனர்.

இரண்டாவது வழியான பக்கிங்காம் கால்வாய் இதைவிட வளமான வரலாறு உடையது. 1806இல் சென்னைக்கு வடக்கே கொக்ரேன் என்பவரின் பெயரால் அமைந்த கால்வாய், பின்னர் இரு திசைகளிலும் நீண்டது. 1877–78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அந்த இணைப்பை வெட்டியவர்கள் பசியால் மெலிந்து கூலிக்கு வந்த மக்கள் என்பதை இக்கால்வாயின் புகழைப் பேசுவோர் மறத்தலாகாது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட அந்த உப்புநீர்ப் பாதையில் விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் ஆகியவை தோணிகளில் வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரித்தனர்; வாய்க்காதபோது நீண்ட மூங்கிற்கழியைத் தரையில் ஊன்றித் தள்ளினர், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தனர். நீர்மட்டம் மாறும் இடங்களில் 'லாக்' எனப்பட்ட இரட்டைக் கதவு அடைப்புகள் இருந்தன. தோணி உள்ளே நுழைந்ததும் ஒரு கதவை மூடி, நீரை ஏற்றியோ இறக்கியோ சமன்செய்த பிறகே மறு கதவைத் திறப்பர்.

இச்சரக்குப் பாதையே மாமல்லபுரம் காண விரும்பியவர்களின் சுற்றுலாப் பாதையாகவும் விளங்கியது. 1934இல் முழுநிலா இரவொன்றில் கவிஞர் பாரதிதாசன், ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி முதலிய தோழர்களுடன் இக்கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் சென்றார். 'மாவலிபுரச் செலவு' என்னும் அவருடைய பாடல் அப்பயணத்தில் பிறந்தது. 'செலவு' என்பதற்குப் பயணம் என்ற பழம்பொருள் உண்டு. கவிஞரும் வரலாற்றறிஞரும் அரசியல் தொண்டரும் ஒரே தோணியில் இரவெல்லாம் பேசிச் செல்வதற்கு நீர்ப்பயணம் தந்த ஓய்வை எந்தச் சாலையும் தந்துவிட முடியாது. எனினும் அத்தோணிகளைச் செலுத்தியவர்கள் பயணிகள் அல்லர். கயிறும் கழியும் தோணிக்காரர்களின் கைகளில் இருந்தன. அவர்களுடைய தொழில் உயிரோடு இருந்தவரையில்தான் கால்வாய் தூர்வாரப்பட்டது, அடைப்புகள் இயங்கின, உல்லாசப் பயணமும் நடந்தது.

சாலையும் இரயிலும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1965–66ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. பின்னர் நகருக்குள் பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயிலேயே ஊன்றப்பட்டன. 1984இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காட்டில் படகுத்துறை அமைத்தது. குழந்தைகளுக்கு அது இன்றும் பெருமகிழ்ச்சி தருவது உண்மை. ஆனால் ஏறிய துறையிலேயே இறங்கும் அந்தச் சுற்று, 'செலவு' ஆகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் தெருக்களில் கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டபோதுதான், நீருக்கு அங்கே ஒரு பழைய பாதை உண்டு என்பது பலருக்கு நினைவுக்கு வந்தது.

சென்னைப் படகோட்டி இன்று கொழும்புக்குச் சென்று தண்டு வலிக்க முடிகிறது. ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் மாமல்லபுரத்துக்கு நீர்வழியே செல்ல முடியவில்லை. பக்கிங்காம் கால்வாய் உட்பட, காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்த் தொடரை உள்ளடக்கிய நான்காம் தேசிய நீர்வழி 2008இல் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. தாம்பரத்தின் கீழைஏரிகள் நிரம்பி வழியும் நீர் இன்றும் அந்த நீர்வழியில்தான் போய்ச் சேர்கிறது.