படகுக்கு வெட்டிய கால்வாய்

சென்ற வாரம் 1881 நவம்பர் புயலைப் பார்த்தோம். ஆறு வருடம் கல்லைக் கொட்டிக் கட்டிய துறைமுகச் சுவர்களைக் கடல் பிய்த்துப் போட்ட கதை அது. ராயபுரத்துக்காரர்களுக்கு ஆபத்து எப்போதும் கிழக்கே இருந்துதான் வரும். அங்கிருந்து கொஞ்சம் மேற்கே நடந்து வண்ணாரப்பேட்டைக்குள் நுழைந்தால் திசை மாறிவிடுகிறது. இங்கே தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. வருவதில்கூட அவ்வளவு கஷ்டமில்லை. வந்தது போவதில்லை என்பதுதான் இந்த ஊரின் இருநூறு வருடத்துப் பிரச்சினை.

பேட்டை உருவானதே தண்ணீரை நம்பித்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நெசவாளிகள் கொடுத்த துணி, கப்பல் ஏறுவதற்கு முன் வெளுக்கப்பட வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். துணியை விரித்துக் காயவைக்க வெட்டவெளி வேண்டும். இன்றைய தங்கசாலைத் தெருவுக்கு ஒரு காலத்தில் வண்ணார் தெரு என்றே பெயர். ஹைதர் அலியின் படைகள் மிரட்டிய பிறகு, 1770 வாக்கில் கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி மதில் எழுந்தது. அதன் வடக்குப் பக்கம் இன்றைய பழைய ஜெயில் ரோடு. வடமேற்கு மூலையில் இருந்த கொத்தளம்தான் மூலக்கொத்தளம். வண்ணாரப்பேட்டை அந்த மதிலுக்கு வெளியே இருந்தது. மதிலுக்கு வெளியே இருந்தவர்களின் மழைநீர் எங்கே போகும் என்று கோட்டைக்குள் யாரும் கவலைப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

நிலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வடசென்னைக் கரை நெடுகிலும் கடலுக்கு இணையாகப் பழைய மணல்மேடுகள், நடுநடுவே பள்ளங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலை மேட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே போகிறது. அதற்கு மேற்கே நிலம் சரிகிறது. அந்தத் தாழ்வான பக்கத்தில்தான் 1801க்கும் 1806க்கும் இடையில் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது.

வெட்ட முதல் போட்டவர் பாசில் கோக்ரேன். கடற்படைக்குச் சாமான் சப்ளை செய்து பெரும்பணம் பார்த்த மதராஸ் வியாபாரி. (பிற்பாடு லண்டனுக்குத் திரும்பி நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். தண்ணீரை விட மனமில்லாத ஆள்!) கோக்ரேன் கால்வாய் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளம், பிறகு பழவேற்காடு வரை நீண்டது. படகுகளிடம் சுங்கம் வாங்கும் உரிமை அவருக்கு இருந்தது. 1837இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்துக்கும் அடையாறுக்கும் இடையே வெட்டி இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் மொத்தக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது.

வடக்கேயிருந்து விறகு, உப்பு, சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் இந்த வழியாகத்தான் பட்டணத்துக்கு வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். படகுகள் நின்று சரக்கு இறக்கிய குட்டைதான் பேசின். பேசின் பாலம் என்று தினமும் சொல்கிறோம். அந்தக் குட்டையை நினைப்பவர்கள் குறைவு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படகுக்கால்வாய்க்கு என்ன வேண்டும்? அசையாத தண்ணீர். ஓட்டம் இருந்தால் எதிர்த்திசையில் படகை இழுப்பது கஷ்டம். அதனால் முடிந்தவரை ஒரே மட்டமாக வெட்டுவார்கள். மட்டம் மாறும் இடத்தில் இரட்டைக் கதவு வைத்த ‘லாக்’ போட்டுத் தண்ணீரைத் தேக்குவார்கள். வடிகாலுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: சரிவு வேண்டும், ஓட்டம் வேண்டும். பக்கிங்காம் கால்வாய் தண்ணீரை நிறுத்திவைப்பதற்காக வெட்டப்பட்டது. அதன் தலையில்தான் பிற்பாடு வடசென்னையின் மழைநீரில் பெரும்பகுதியைக் கட்டினோம். வில்லிவாக்கம், அயனாவரம், புளியந்தோப்பு வழியாக வரும் ஓட்டேரி நல்லா பேசின் பாலத்தருகே இதில் விழுகிறது. வியாசர்பாடியின் கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய் எல்லாவற்றுக்கும் இதுவே போக்கிடம். கூவத்திலிருந்து எண்ணூர் வரை சுமார் 17 கி.மீ. தூரத்துக்குத் தட்டில் ஊற்றியதுபோல் தண்ணீர் நிற்கிறது.

1960களின் புயல்களும் 1976 வெள்ளமும் கால்வாயைச் சிதைத்தன. அதற்கு முன்பே ரயிலும் லாரியும் படகுகளின் பிழைப்பைக் கெடுத்திருந்தன. படகு நின்றதும் தூர் வாருவதில் யாருக்கும் லாபமில்லாமல் போயிற்று. சாக்கடை வந்து சேர்ந்தது.

மழைக் கணக்கைப் பார்ப்போம். 1976 நவம்பர் 25 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 செ.மீ. பெய்தது. 2005 அக்டோபர் 27 அன்று 27 செ.மீ.; தீபாவளிக்கு ஐந்து நாள் பாக்கி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகள் வருடம் முழுக்கக் காத்திருக்கும் வாரம் அது. நவம்பர் 6 அன்று வியாசர்பாடியில் வெள்ள நிவாரணம் வாங்கக் கூடியவர்களில் ஆறு பேர் நெரிசலில் சிக்கி இறந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு வெள்ளத்தின் பெயரால் நேர்ந்த சாவு. அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். நகரில் அதேபோல் 42 பேர் இறந்ததால் வியாசர்பாடியைப் பலரும் மறந்துவிட்டார்கள். 2021இல் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் நவம்பர் 7, இருபது செ.மீ.க்கு மேல் மழை, கணேசபுரம் சுரங்கப்பாதை வழக்கம்போல் மூடல். அதன்பின் அரசு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது.

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு கால்வாய்க் கரைக் குடிசைகள்தான் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுகின்றன. ஆக்கிரமிப்பு கால்வாயைக் குறுக்கியது உண்மை; பிளாஸ்டிக் அடைத்ததும் உண்மை. ஆனால் குடிசைகளையெல்லாம் எடுத்துவிட்டாலும் அந்தக் கால்வாய்க்குச் சரிவு வந்துவிடப் போவதில்லை. இதைச் சொல்லாமல் கரைவாசிகளை மட்டும் திட்டுவது எனக்கு வசதியான கோபமாகவே படுகிறது.

மறுமுனையில் எண்ணூர். கால்வாய் நீர் அங்கே கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் சேர வேண்டும். மழைக்காலத்தில் பூண்டி ஏரியின் உபரிநீர் அதே ஆற்றில்தான் வருகிறது. புழல் உபரிநீரும் மணலி, சடயங்குப்பம் வழியாக அங்கேதான் வருகிறது. ஆறு நிறைந்து, கடலில் ஓதமும் ஏறிவிட்டால் கால்வாய் நீருக்கு இடமில்லை. தேங்கி நிற்கும், சில சமயம் பின்னோக்கியும் ஏறும். வண்ணாரப்பேட்டையில் மழை விட்ட பிறகும் முழங்கால் தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதற்குப் பதில் எண்ணூரிலும் இருக்கிறது.

இந்த இணைப்பை 2023 டிசம்பரில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். மிக்ஜாம் புயல் மழையில் மணலி சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய், வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கியது. மேற்குத் திருவொற்றியூரில் வீடுகளுக்குள் புகுந்த தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. கழிமுகத்தைக் கடந்து கடலில் சுமார் 20 சதுர கி.மீ. பரவியதாகக் கடலோரக் காவல்படை கண்டது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம் மீனவர்கள் கையில் கிடைத்த வாளியையும் மக்கையும் வைத்து அள்ளினார்கள். வலையும் படகும் கறுத்துப் போயின.

கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாயில், 769 கி.மீ.க்கு மழைநீர் வடிகால் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. தெருத் தண்ணீர் வேகமாக வடியும், நல்லதுதான். வடிந்த நீர் கடைசியில் போய்ச் சேர வேண்டிய வழியும் அதே கழிமுகம்தான். அதில் மணலும் அனல்மின் நிலையச் சாம்பலும் எப்படிச் சேர்ந்தன என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)