இந்தோனேசியச் சுங்கத்துறையும் ஊழலும் (1985–1998)

1985 ஏப்ரல் 4 அன்று இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ பிறப்பித்த ஆணை, இறக்குமதிச் சரக்குகளைச் சோதிக்கும் அதிகாரத்தை நாட்டின் சுங்கத்துறையிடமிருந்து எடுத்து எஸ்.ஜி.எஸ். என்னும் சுவிட்சர்லாந்து நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சுங்க ஊழியர்களில் பெரும்பகுதியினர் வேலையின்றி ஊதியம் மட்டும் பெற்று வீட்டிலிருந்தனர். இறைமையுள்ள நாடொன்று தன் எல்லைக் காவலைத் தானே அயலாரிடம் கொடுப்பது அரிது.

ஜகார்த்தாவின் தஞ்சோங் பிரியோக் துறைமுகத்தில் கையூட்டு அன்றாட நடைமுறையாக இருந்தது. சரக்கின் மதிப்பு எவ்வளவு, அது எந்தத் தீர்வை வகையைச் சேரும், பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுமா என்பதையெல்லாம் அதிகாரியே தீர்மானித்தார். பணம் கொடுத்தவரின் பட்டியலில் விலை குறைந்தது. அரசுக்குத் தீர்வை இழப்பு. கொடுக்காதவரின் பெட்டி கிடங்கிலேயே கிடந்தது. அவருக்குக் கிடங்கு வாடகையும் வட்டியும் ஏறின.

இது நெடுநாள் அறிந்த செய்திதான். பிறகு ஏன் 1985? 1980களின் தொடக்கத்தில் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எண்ணெய், எரிவாயுவிலிருந்து வந்தது. எண்ணெய்ப் பணம் புரண்ட காலத்தில் துறைமுகத்து ஊழலை ஆட்சி பொறுத்துக்கொண்டது. 1982க்குப் பின் எண்ணெய் விலை சரிந்ததும் ஆடை, ஒட்டுப்பலகை போன்ற பொருள்களை விற்றாக வேண்டிய நிலை வந்தது.

கையூட்டின் சுமை எல்லா வணிகர் மீதும் ஒரேபோல் விழுவதில்லை. உள்நாட்டில் விற்பவர் அதை விலையில் சேர்த்து வாங்குவோரிடம் தள்ளிவிடலாம். ஏற்றுமதியாளரால் அது முடியாது. வெளிநாட்டில் வாங்குபவர் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார். சட்டை தைத்து விற்பவருக்குத் துணியும் பித்தானும் இறக்குமதியாகித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால், கப்பல் தேதி தவறி ஒப்பந்தமே போய்விடும். எனவே இறக்குமதி வாயிலில் வாங்கிய கையூட்டு, நடைமுறையில் ஏற்றுமதி மீதான வரியாக இருந்தது. அதில் ஒரு காசும் கருவூலத்துக்கு வரவில்லை.

புதிய முறையில், 5,000 டாலருக்கு மேற்பட்ட சரக்குகள் ஏற்றப்படும் நாட்டிலேயே சோதிக்கப்பட்டு விலையும் வகையும் சான்றளிக்கப்பட்டன. 1986 மே மாதம், ஏற்றுமதியாளர் மூலப்பொருளைத் தீர்வையின்றிப் பெற நிதி அமைச்சின்கீழ்த் தனி அலுவலகம் அமைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நாணயமான ரூபியாவின் மதிப்பும் குறைக்கப்பட்டது. எண்ணெய் சாராத ஏற்றுமதி 1980களின் பிற்பகுதியில் வேகமாக வளர்ந்து எண்ணெயை முந்தியது. இதில் சுங்க மாற்றத்தின் பங்கையும் நாணய மதிப்புக் குறைப்பின் பங்கையும் பிரித்தளப்பது கடினம்.

ஆனால் இந்தச் சீர்திருத்தம் வாயிற்காப்போரை மட்டுமே தொட்டது. பிளாஸ்டிக் மூலப்பொருள், எஃகு போன்றவற்றை இறக்குமதி செய்யும் தனியுரிமை அரண்மனைக்கு நெருக்கமானோரிடமும் அரசு நிறுவனங்களிடமும் இருந்தது. அவற்றில் சில 1988 வரை நீடித்தன. இங்கே யாரும் விதியை மீற வேண்டியதில்லை. விதியே அவர்களுக்காக எழுதப்பட்டிருந்தது. சான்றிதழ் சரியாக இருந்தால் எந்தச் சோதனையாளர் என்ன செய்ய முடியும்?

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு 1996இல் வந்தது. "தேசிய கார்" திட்டத்தின்கீழ் அதிபரின் இளைய மகனது நிறுவனத்துக்கு இறக்குமதித் தீர்வையிலிருந்தும் ஆடம்பர வரியிலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. உள்நாட்டில் தயாரிக்கவேண்டிய திமோர் கார்களில் 45,000 வரை தென்கொரியாவிலிருந்தே முழுமையாகச் செய்து கொண்டுவர அனுமதியும் கிடைத்தது. ஜப்பான், ஐரோப்பியச் சமூகம், அமெரிக்கா ஆகியவை உலக வணிக அமைப்பில் முறையிட்டன.

1997இல் எஸ்.ஜி.எஸ். ஒப்பந்தம் முடிந்து, சோதனை அதிகாரம் மீண்டும் சுங்கத்துறைக்கு வந்தது. அவ்வாண்டே ஆசிய நிதி நெருக்கடி தாக்கியது. பன்னாட்டு நாணய நிதியத்தின் கடன் நிபந்தனைகளுக்கு இணங்கி, 1998 ஜனவரியில் கார் திட்டத்தின் சலுகைகளை அரசு கைவிட ஒப்புக்கொண்டது. மே மாதம் சுகார்த்தோ பதவி விலகினார். அத்திட்டம் வணிக விதிகளுக்கு முரணானது என்ற தீர்ப்பு ஜூலையில் வெளியானது.