ஹாலேயில் வியட்நாம் கோப்பி: இரண்டு ஒப்பந்தங்களின் வரலாறு

ஹாலே என்ற நகரின் பெயர் தமிழ் அச்சு வரலாற்றைப் படித்தவர்களுக்குப் புதியதல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் இங்கு கல்வி கற்றவர். அவரது அச்சகத்துக்கான தமிழ் எழுத்துக்கள் இந்நகரில் வார்க்கப்பட்டே அனுப்பப்பட்டன. அவர் எழுதிய தமிழ் இலக்கண நூலும் 1716இல் இங்குதான் அச்சாகியது. ஆனால் ஹாலேக்கு ஆசியாவுடன் இன்னொரு தொடர்பும் உண்டு. எம்மிடையே அதிகம் பேசப்படாத அத்தொடர்பு கோப்பியின் வழியாக வந்தது.

கிழக்கு ஜேர்மனியின் நகரங்களில் இன்று வாழும் வியட்நாமியர் வீடுகளில் ஐஸ் கோப்பி தயாரிக்கும் முறை மிக எளிமையானது. குவளையில் முதலில் இரண்டு மேசைக்கரண்டி ரின்பால். அதன்மேல் ‘ஃபின்’ எனப்படும், அடியில் துளைகளிட்ட சிறு உலோக வடி. அதில் கருக வறுத்துச் சற்றுக் கரகரப்பாக அரைத்த கோப்பித்தூள் 20 கிராம் அளவில் இட்டு, துளைத்தட்டை வைத்து மெல்ல அமர்த்த வேண்டும். முதலில் தூள் நனையுமளவு கொதிநீர். அது ஊறியபின் மேலும் 100 மில்லிலீற்றர். நான்கைந்து நிமிடங்களில் கோப்பி துளித்துளியாக இறங்கிவிடும். விரைவாக இறங்கினால் தூள் பருமனானது. இறங்கவே மறுத்தால் தட்டு அதிகம் அழுத்தப்பட்டுவிட்டது. பின்னர் பாலுடன் நன்கு கலக்கி ஐஸ் நிறைந்த குவளையில் ஊற்றுவார்கள்.

இதில் ஒவ்வொரு பொருளும் ஒரு வரலாற்றுச் சான்று. கோப்பிச் செடியை வியட்நாமுக்குக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுப் பாதிரிமார், ஆண்டு 1857. வெப்பநாட்டில் பசும்பால் கிடைப்பதும் கெடாமல் இருப்பதும் அரிது என்பதால் ரின்பால் வந்தது. இலங்கையிலும் இதே கதைதான். தூளோ பெரும்பாலும் ரொபஸ்டா. அராபிக்காவைவிடக் கசப்பும் கஃபீனும் கூடிய, இலைத்துரு நோயைத் தாங்கும் இனம். இந்த ரொபஸ்டா வியட்நாமின் மலைநாட்டில் பெருந்தோட்டமாகப் பரவியதற்கும் ஹாலேக்கும் உள்ள தொடர்பே இக்கட்டுரையின் பொருள்.

1975 யூலையில் பிரேசிலில் விழுந்த கடும் உறைபனி கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1977அளவில் உலகச் சந்தையில் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகியது. கோப்பிக்கென ஆண்டுக்குச் சுமார் 150 மில்லியன் அந்நியச் செலாவணி மார்க் செலவிட்டுவந்த கிழக்கு ஜேர்மன் அரசு, இப்போது 700 மில்லியனை நெருங்கும் தொகையைத் தேட வேண்டியிருந்தது. அரசு கண்ட வழி ‘கோப்பிக் கலவை’: 51 வீதம் கோப்பி, மீதி தானியம், பயறு, சிக்கரி முதலியன. மேற்கின் பிரபல ‘யாக்கொப்ஸ் மகுடம்’ என்ற கோப்பியின் பெயரைத் திரித்து, மக்கள் இதற்கு ‘எரிக்கின் மகுடம்’ என்று ஹொனெக்கரின் பெயரால் பட்டஞ் சூட்டினர். முறைப்பாடுகள் குவிந்தன. தொழிலாளர் அரசு எனத் தன்னை அழைத்துக்கொண்ட அரசு, தொழிலாளரின் காலைக் கோப்பியின் முன் பின்வாங்கியது. மறுவருடம் கலவை கைவிடப்பட்டது. எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் கொடுத்துக் கோப்பி பெற்றதும் இதே நெருக்கடியின் விளைவுதான்.

நிரந்தரத் தீர்வாகத் தெரிவுசெய்யப்பட்டது வியட்நாம். 1980இலும் 1986இலும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. கோப்பித் துறையைக் கையில் வைத்திருந்த ‘உணவுப்பொருள் - கோப்பி’ அரச கூட்டு நிறுவனத்தின் தலைமையகம் ஹாலேயில் இருந்தது. டக் லக் மாகாணத்திற் கோப்பி நிலத்தை 600 ஹெக்டயரிலிருந்து 8,600 ஹெக்டயராக விரிப்பது திட்டம். இயந்திரங்கள், லொறிகள், நீர்ப்பாசனம், பயிற்சி, ஒரு நீர்மின் நிலையம் ஆகியவற்றைக் கிழக்கு ஜேர்மனி கொடுக்கும். பதிலாக, 20 வருடங்களுக்கு விளைச்சலின் பாதி அதற்கு.

தோட்டத்துக்கென 10,000 பேர் அங்கு கொண்டுசென்று குடியேற்றப்பட்டனர். இவ்விடத்தில் எம்மவர் சற்று நிற்க வேண்டும். டக் லக் வெற்று நிலமல்ல. ஏதே, ம்னொங் முதலிய மலைநாட்டு மக்களின் வாழ்நிலம். 1975க்குப் பின் சமவெளியிலிருந்து பெரும்பான்மைக் கின் இனத்தவரை அங்கு குடியேற்றுவது அரச கொள்கையாக இருந்தது. கோப்பி அதற்கு ஒரு பொருளாதார முகத்தைக் கொடுத்தது. 2001இலும் 2004இலும் அங்கு வெடித்த போராட்டங்களின் மையத்தில் நிலமே இருந்தது. ‘அபிவிருத்தி’ என்ற பெயரில் வந்த கல்லோயாக் குடியேற்றத்தை அறிந்த நாம், ‘சோஷலிசத் தோழமை’ என்ற பெயரில் வந்ததை மாத்திரம் வேறு அளவுகோலால் அளக்க முடியாது.

அதே 1980இல் இவ்விரு அரசுகளும் இன்னோர் ஒப்பந்தமும் செய்தன. இது மனிதர் பற்றியது. தொழிலாளர் குறிப்பிட்ட வருடங்களுக்கு வருவர், பின் திரும்புவர். 1989இல் அவர்களின் தொகை ஏறத்தாழ 60,000. ஊதியத்தில் 12 வீதம் ‘தாய்நாட்டைக் கட்டியெழுப்ப’ எனப் பிடிக்கப்பட்டது. விடுதியில் ஒருவருக்கு 5 சதுர மீற்றர் இடம். கருவுற்ற பெண் ஒன்றில் கருவைக் கலைக்க வேண்டும், அல்லது நாடு திரும்ப வேண்டும். 1989வரை இதுவே விதி. இரசாயனத் தொழிலாளருக்காக 1964இல் கட்டத் தொடங்கிய ஹாலே-நொயஷ்ரட் குடியிருப்பை மக்கள் ‘ஹா-நொய்’ எனச் சுருக்கி அழைத்தனர். வியட்நாமின் தலைநகர் போல ஒலிக்கும் அப்பெயர் அவர்களுக்கு ஒரு வேடிக்கை. உண்மையான ஹனோயிலிருந்து வந்தவர்களோ தொழிற்சாலைக்கும் விடுதிக்குமிடையே ஒதுக்கிவைக்கப்பட்டனர். கிழக்கு பேர்லின் ஊடாக வந்த எம்மவர் பலருக்கு அந்த அரசு ஒரு கடவைதான். வியட்நாமியருக்கு அது வேலைத்தளம்.

கோப்பியின் முதற் பெரும் விளைச்சல் 1990அளவிலேயே எதிர்பார்க்கப்பட்டது. அவ்வருடம் ஒக்ரோபரில் கிழக்கு ஜேர்மனி என்ற அரசே மறைந்தது. கோப்பிக்கு இதனால் நட்டமில்லை. உலகச் சந்தை அதை வாங்கிக்கொண்டது. பிரேசிலுக்கு அடுத்தபடியாக வியட்நாம் உலகின் இரண்டாவது பெரிய கோப்பி உற்பத்தி நாடாகியது. தொழிலாளரின் நிலை வேறு. முதலில் வேலையிழந்தவர்கள் அவர்களே. கையில் 3,000 மார்க்கும் விமானச்சீட்டும் கொடுக்கப்பட, பெரும்பான்மையினர் திரும்பினர். எஞ்சியோர் தெருவோரத்தில் உடுப்பும் பூவும் விற்றுப் பிழைத்தனர். 1991இல் ஹொயெர்ஸ்வெர்டாவையும் 1992இல் றொஸ்ரொக்கையும் கண்டனர். 1993இல்தான், வேலையும் குற்றமற்ற பதிவும் காட்டுவோருக்கு வதிவிட அனுமதிக்கு வழி பிறந்தது. கிழக்கு ஜேர்மனியில் அவர்கள் உழைத்த வருடங்கள் சட்டப்படி கணக்கிலெடுக்கப்பட 1997வரை செல்ல நேர்ந்தது.

இந்தக் கதை எமக்கு அந்நியமானதா? தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து இலங்கை மலைநாட்டுக்கு வந்த தமிழர் முதலில் தேயிலைக்காக வந்தவர்களல்லர்; கோப்பிக்காக வந்தவர்கள். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. மூலதனம் தேயிலைக்கு மாறிக்கொண்டது. உழைத்தவர்களின் சந்ததிக்கோ 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்றனர். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

கிழக்கு ஜேர்மனியின் வியட்நாம் திட்டத்தை நவகாலனியச் சுரண்டல் என ஒரேயடியாக நிராகரிப்பவர்களும் உளர். போரால் அழிந்த நாட்டுக்குக் காட்டிய தோழமை எனப் போற்றுபவர்களும் உளர். இரு தரப்பும் அரசுகளின் நோக்கத்தையே விசாரிக்கின்றன. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். இயந்திரங்களும் மின்நிலையமும் பொய்யல்ல. ஆயினும் நிலத்தை இழந்த ஏதே விவசாயியும், விடுதியில் கருவை மறைத்த பெண்ணும் அவ்வொப்பந்தங்களுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய இடம் எங்கும் இருக்கவில்லை. விடுதலைக்குப் பின்னான பொருளாதாரம் பற்றி எமது சஞ்சிகைகள் பக்கம்பக்கமாக விவாதித்திருக்கின்றன. மறுக்கும் உரிமை யாருக்கு இருக்கும் என்ற கேள்வியை அவ்விவாதத்தின் முதல் வரியில் வைக்க வேண்டும் என்பதே ஹாலேயின் கோப்பி வரலாறு எமக்குத் தரும் பாடம்.