கடைசி வரிசைக்கு எட்டிய குரல்

பேசுவோர் குரல் கேட்போர் செவிக்கு எட்டாவிடில், எத்துணைச் சிறந்த சொற்பொழிவும் வெறும் உதட்டசைவாகவே முடியும். சிற்றரங்கில் உரத்த குரல் ஒன்றே போதுமானது. ஆயிரவர் கூடும் பேரவையில் அது போதாது. ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மேடையேறுவோர் முதற்கண் குரல்வளம் உடையோராக இருத்தல் வேண்டியிருந்தது. மெல்லிய குரலில் ஆழ்ந்த கருத்தைச் சொல்ல வல்லார்க்குப் பெருங்கூட்டம் எட்டாக் கனியாயிற்று. இந்நிலையை மாற்றியது ஒலிபெருக்கி. ஆயினும், ஒலியைப் பெருக்குதல் வேறு. பெருக்கிய ஒலியை ஆளுதல் வேறு. முன்னது விரைவில் கைகூடியது. பின்னது மாந்தனின் உள்ளங்கைக்குள் அடங்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

பெருங்குரல் பிறந்தது

டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் அமெரிக்கரான எட்வின் பிரிதாமும் கலிபோர்னியாவின் நாப்பா என்னும் ஊரில் ஆய்வு நடத்தி வந்தனர். காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருளால் ஒலியெழுப்பும் கருவியை அவர்கள் உருவாக்கினர். அதற்கு இட்ட பெயர் 'மாக்னவாக்ஸ்'. இலத்தீன் மொழியில் இதற்குப் 'பெருங்குரல்' என்பது பொருள். 1915 டிசம்பர் 24ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்ட மக்கள் இக்கருவியின் வழியே கிறித்துமசு விழா நிகழ்ச்சியைக் கேட்டனர். 1919 செப்டம்பர் 19ஆம் நாள் அதிபர் உட்ரோ வில்சன் சான்டியேகோ விளையாட்டரங்கில் கண்ணாடி அடைப்பினுள் நின்று பேச, ஏறத்தாழ 50,000 பேர் கூடியிருந்த அத்திறந்தவெளியில் அவர் குரலை இக்கருவியே பரப்பியது.

ஊளையும் அதன் காரணமும்

பெருங்குரலோடு ஒரு பெருந்தொல்லையும் உடன்பிறந்தது. ஒலிபெருக்கியினின்று வெளிப்படும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியினுள் புகுந்து, மேலும் பெருகி வெளிவந்து, மறுபடியும் உட்புகும். இச்சுழற்சி முற்றும்போது அரங்கமே அதிரும் ஊளை எழுகிறது. இதனை ஆராய்ந்த டென்மார்க்கு இயற்பியலறிஞர் சோரன் லார்சனின் பெயரால் இது 'லார்சன் விளைவு' எனப்படுகிறது.

மாநாட்டு மேடையில் இத்தொல்லை பன்மடங்காகும். திறந்துள்ள ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும், ஊளைக்கு முன் கிடைக்கும் பெருக்கத்தில் 3 டெசிபெல் குறைகிறது. எண்மர் அமர்ந்த கருத்தரங்கில் எட்டும் திறந்திருப்பின் இழப்பு 9 டெசிபெல் ஆகும். எனவே, பேசுபவரின் ஒலிவாங்கியை மட்டும் உயர்த்தி ஏனையவற்றைத் தாழ்த்துவதே ஒலிக்கலைஞரின் இடையறாப் பணியாயிற்று. அமெரிக்கரான டேன் டூகன் இப்பணியைக் கருவியே செய்யும் முறையொன்றை வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்றார். மொத்தப் பெருக்கத்தை மாற்றாது, பேசுபவர் எவரோ அவருக்கே பெரும்பங்கை வழங்குவது அம்முறை.

கருவி நின்ற இடம்

ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் ஒரு வரிசைத் திருகுகள். அவற்றின் அடியில் ஏற்றியிறக்கும் நெம்பு ஒன்று. இத்தகைய 24 அல்லது 32 வரிசைகளைக் கொண்டதே பழைய ஒலிக்கலவை மேசை. அதனை இருவர் சுமக்க வேண்டும். அதனின்று மேடை வரை தடித்த கம்பிவடத்தை இழுக்க வேண்டும். நல்லொலிக்கு அது நிற்க வேண்டிய இடம் அவையின் நடுப்பகுதியே. ஆனால், தங்குவிடுதி மண்டபங்களில் அவ்விடம் விருந்தினர் மேசைகளுக்கு உரியது. ஆகவே ஒலிக்கலைஞர் சுவரோரத்திற்கோ தூண்மறைவிற்கோ ஒதுக்கப்பட்டார். மூலையில் கேட்கும் ஒலி வேறு. அவை நடுவில் கேட்கும் ஒலி வேறு. தாம் கேளாத ஒலியைத் திருத்தும் நிலை அவருக்கு வாய்த்தது. அவைக்குள் நடந்து கேட்டு, மீண்டும் மூலைக்கு ஓடித் திருகுவது அன்றி வேறு வழியில்லை.

கைக்கு வந்த ஆட்சி

ஒலியை எண்களாக்கும் மின்னிலக்க முறை இத்தளையை அறுத்தது. யமாஹா நிறுவனத்தின் 1995ஆம் ஆண்டு 02ஆர் போன்ற மேசைகளில் ஒலி செல்லும் வழியும் அதனை ஆளும் கட்டளையும் தனித்தனியாயின. கட்டளை தனியானபின் அது தொலைவிலிருந்தும் வரலாம் அன்றோ? 2010 ஏப்ரலில் ஐபேட் என்னும் கைக்கணினி விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே யமாஹா தன் எம்7சிஎல் மேசையைக் கைக்கணினியால் இயக்கும் மென்பொருளை வெளியிட்டது. 2012இல் மேக்கி நிறுவனம் அறிவித்த டிஎல்1608 கருவியில் நெம்புகளே இல்லை. ஐபேட்டின் திரையே மேசையாயிற்று. 2014இல் பெரிங்கர் அறிவித்த எக்ஸ்ஆர்18 மேடையோரத்தில் வைக்கத்தக்க சிறுபெட்டி. கம்பியில்லா இணைப்பும் அதனுள்ளேயே அமைந்தது.

இவற்றில் ஒலி காற்றில் கைக்கணினிக்குச் செல்வதில்லை; கட்டளை மட்டுமே செல்கிறது. ஆதலால் இணைப்பு அறுந்தாலும் பேச்சு நிற்பதில்லை. கடைசியாக வைத்த அளவிலேயே ஒலி தொடரும். எனினும், அவ்வேளையில் ஊளை எழுமாயின் அதனை அடக்கக் கை இராது. நூற்றுக்கணக்கானோர் கைப்பேசிகளுடன் அமர்ந்த மண்டபத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெரிசலுறும். எனவே, பட்டறிவுடையோர் விடுதியின் இணைப்பை நம்பாது, 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் தனி இணைப்பை அமைப்பர். கம்பியால் இணைத்த கணினி ஒன்றையும் காப்பாக வைப்பர்.

இழப்பும் ஒன்று உண்டு. பழைய மேசையில் விரல்கள் நெம்புகளைத் தடவியே அறிந்தன. கண்கள் மேடையை விட்டு அகலவில்லை. கண்ணாடித் திரையோ விரலுக்கு ஒன்றும் சொல்வதில்லை. பார்வையைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. அடுத்துப் பேச வாய் திறப்பவரை முகக்குறிப்பால் அறிவது இக்கலையின் உயிர்நாடி. திரையில் ஆழ்ந்த கலைஞர் முதற்சொல்லைத் தவறவிடுவார்.

எனினும், நூற்றாண்டின் ஆதாயம் பெரிதே. மூலையில் நின்றவர் இன்று கடைசி வரிசைக்கே நடந்து சென்று, முதியவர் ஒருவரின் அருகில் நின்று, அவர் கேட்பதையே தாமும் கேட்டு, அங்கேயே திருத்தலாம். மெல்லிய குரலோர் பேசும் உரிமை 1915இல் தொடங்கிற்று. கடைக்கோடியில் அமர்ந்தோர் கேட்கும் உரிமை அதன் மறுபாதி. அதனை நிறைவேற்றுவது கருவியன்று. எழுந்து நடக்கும் கால்களும் உற்றுக்கேட்கும் செவிகளுமே.