ஈஎல்84: ஐந்தோவன் முதல் ஹெட்ஃபோன் வரை

வால்வு ரேடியோவின் முதுகு அட்டையைக் கழற்றினால் உள்ளே ஐந்தாறு கண்ணாடி வால்வுகள் நிற்கும். எல்லாமே சுடும், ஆனால் இரண்டின்மேல் விரலை வைக்கவே முடியாது. ஒன்று, வீட்டு ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கிக் கொடுக்கும் ஈஇசட்80. மற்றது ஈஎல்84. ஏரியலில் வந்து விழும் சன்னமான அலையை முன்னால் இருக்கும் வால்வுகள் பொறுக்கி, வடித்து, ஒலியாக்கிக் கொடுக்கும். அதைக் கடைசியாக வாங்கி, ஸ்பீக்கரை அசைக்கும் பலத்தை ஏற்றுவது ஈஎல்84. ரேடியோவின் மற்ற பாகமெல்லாம் வீணாய்ப் போன பிறகும் இந்த வால்வுக்கு மட்டும் வேலை மிச்சமிருக்கிறது.

இது பிறந்தது 1953-இல், நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், பிலிப்ஸ் பொறியாளர்களின் கையில். ஒன்பது ஊசிக்கால், எட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். 250 வோல்ட் கொடுத்தால் தனியொரு வால்வே ஐந்தரை வாட் வரை தரும். ஒரு கூடத்தை நிறைக்க அது தாராளம். இங்கிலாந்தில் முல்லார்டு நிறுவனம் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் இதைச் செய்து குவித்தது. மேலே அச்சிட்ட பெயர் விரல் பட்டாலே அழிந்துவிடும். கண்ணாடியின் அடியில் பொறித்த குறியெழுத்துகள் நிற்கும். பழைய வால்வு வாங்குகிறவர்கள் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துத் தேடுவது அந்தப் பொறிப்பைத்தான்.

ரேடியோவோடு இது நின்றுவிடவில்லை. ஐந்து வால்வில் பத்து வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் வரைபடத்தை முல்லார்டு வெளியிட்டது. ஐம்பதுகளில் வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டிப் பார்த்தவர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். அதன் கடைசிக் கட்டத்தில் இருந்தவை இரண்டு ஈஎல்84. பீட்டில்ஸ் மேடையில் பயன்படுத்திய வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் நான்கு. அமெரிக்காவில் இதற்கு 6பிகியூ5 என்று பெயர். சோவியத் யூனியனிலும் இதற்கு இணையான வால்வு வேறு பெயரில் வந்தது.

நம் பக்கம் இது வந்து சேர்ந்த காலம்தான் ரேடியோவின் பொற்காலம். 1952-இல் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்க, நேயர்கள் சிற்றலையில் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957-இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ்ச் சேவைக்கு இருந்த மவுசு குறையவில்லை. பெங்களூரில் 1954-இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. ஈஎல்84-உம் 'பெல்' பெயரோடு வெளிவந்தது. தபால் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டி வைத்துக்கொண்ட பெட்டிகள் அவை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்தே ஒலித்தன. அப்படித் தெருவுக்கே கேட்கும்படி ஒலித்ததற்குக் காரணம் இந்த ஐந்தரை வாட்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. சுடாது, உடையாது, பேட்டரியில் பாடும், கையில் தூக்கிக்கொண்டு வயலுக்கும் போகலாம். வால்வு செட்டுகள் பரணுக்கு ஏறின.

என் கைக்கு வந்த ரேடியோ சேசிஸ், அதாவது வால்வுகளைத் தாங்கும் உலோகத் தட்டு, ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது. பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. ஊர்ப்பெயர்கள் அச்சிட்ட டயல் கண்ணாடி இல்லை. ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) காயில்களை எலி கடித்துப் போட்டிருந்தது. ஸ்பீக்கர் காகிதம் தொட்டதும் பொடியாய் உதிர்ந்தது. ரேடியோவாக அதை எழுப்ப வழியில்லை. ஆனால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருந்தது. ஈஎல்84-இன் கண்ணாடிக்குள் தலைப்பக்கம் படிந்திருக்கும் வெள்ளிப் பூச்சு மங்காமல் பளபளத்தது. காற்று உள்ளே புகுந்திருந்தால் அந்தப் பூச்சு பால்போல வெளுத்திருக்கும்.

ரேடியோவின் பின்பாதி எப்போதுமே ஓர் ஆம்ப்ளிஃபயர்தான்; அதை ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயராக மாற்ற முடிவு செய்தேன். ஆனால் ரேடியோவுக்கு ஒரு வாய் போதும், ஹெட்ஃபோனுக்கு இரண்டு காது. இன்னொரு ஈஎல்84 வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. இங்கே கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் அழகே அதில்தான் இருக்கிறது.

இந்த வால்வுகள் எல்லாவற்றுக்கும் ஹீட்டர் 6.3 வோல்ட். அலையைப் பொறுக்கும் ஈசிஎச்81 எடுப்பது 0.3 ஆம்பியர். ஐ.எஃப். வால்வான ஈஎஃப்89 எடுப்பது 0.2. ஸ்டேஷன் சரியாக விழுந்ததைக் காட்டும் பச்சைக்கண் ஈஎம்80-க்கு 0.3. ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரில் இந்த மூன்றுக்கும் வேலையில்லை. கழற்றினால் 0.8 ஆம்பியர் மிச்சம். இன்னொரு ஈஎல்84-க்குத் தேவை 0.76! ஒலியை முதலில் பெருக்கும் ஈபிசி81-ஐ எடுத்துவிட்டு, இரண்டு காதுக்கும் பொதுவாக ஒரே கூட்டுக்குள் இரட்டை டிரையோடு கொண்ட ஈசிசி82-ஐ வைத்தால் அங்கே 0.07 கூடும். மாறாமல் இருக்கும் ஈஇசட்80 நீங்கலாகக் கூட்டிக் கழித்தால் முன்பு 1.79 ஆம்பியர், இப்போது 1.82. டயல் பல்பையும் கழற்றிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பைவிடச் சுமை குறைவு. துளைகளும் புதிதாகப் போட வேண்டாம்: எல்லாமே ஒன்பது கால் சாக்கெட். ஈஎஃப்89 இருந்த இடத்தில் இரண்டாவது ஈஎல்84 உட்காரும்; ஹீட்டர் இரண்டுக்கும் 4, 5-ஆம் காலில்தான், அந்த வயரை மாற்றவே வேண்டாம்.

ஹைவோல்டேஜ் பக்கம் அப்படித் தானாக ஒத்துவராது. ரேடியோவில் ஒரு ஈஎல்84 மட்டுமே ஐம்பது மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டும் அதே வேகத்தில் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும், 90 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காத ஈஇசட்80-உம் போய்விடும். அதனால் வால்வை டிரையோடாகக் கட்டி, அதாவது ஸ்கிரீன் கிரிட்டை ஆனோடோடு இணைத்து, கேத்தோடில் 135 ஓம் பக்கம் இருந்த ரெசிஸ்டரை 390 ஓமுக்கு உயர்த்தினேன். ஒவ்வொன்றும் 25 மில்லி ஆம்பியர் அளவில் அடங்கிவிட்டது. வாட் குறையும். குறையட்டும்; ஹெட்ஃபோனுக்கு வேண்டியது சில மில்லிவாட்.

ரேடியோவின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நாலு ஓம் அளவிலான ஸ்பீக்கருக்காகச் சுற்றியது. அதில் 32 ஓம் ஹெட்ஃபோனை நேராக மாட்டினால் வால்வுக்குச் சுமையே தெரியாது. செகண்டரிக்குக் குறுக்கே நாலைந்து ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் வால்வு ஸ்பீக்கர் இருப்பதாகவே நினைத்து வேலை செய்யும். அதிலிருந்து சிறு பங்கை ஹெட்ஃபோனுக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஒலிக்க, ஒரே கையால் சுற்றிய ஜோடி டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதே நல்லது. சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால் சுற்றிக் கொடுப்பவர்களை அடையாளம் காட்டுவார்கள்.

பிறகு ஹம்மிங். எட்டடி தள்ளியிருக்கும் ஸ்பீக்கரில் காதுக்கே எட்டாத உறுமல், காதோடு ஒட்டிய ஹெட்ஃபோனில் பாட்டுக்குமுன் வந்து நிற்கும். ஃபில்டர் கண்டென்சர்களைப் புதிதாக்கி, நடுவில் ஒரு சோக் சேர்த்து, ஹீட்டர் வயர்களை இறுக்கமாக முறுக்கி சேசிஸின் மூலையோடு ஓட்டி, கிரவுண்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்த பிறகுதான் அது ஓய்ந்தது. வரைபடத்தைவிட இந்தக் கைவேலைக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும்.

பழைய மெழுகுக் காகித கண்டென்சர் ஒன்றைக்கூட விட்டுவைக்கக் கூடாது. ஈஎல்84-இன் கிரிட்டுக்கு முன்னால் இருப்பது லேசாக ஒழுகினாலே போதும். வால்வு கட்டுப்பாட்டை இழந்து, ஆனோடு தகடு சிவக்கச் சிவக்கக் காய்ந்து சாகும்.

ஒலி எப்படி? அளவுக் கருவியை வைத்துச் சோதித்தால் சாதாரண ஐ.சி. ஆம்ப்ளிஃபயர் இதை வென்றுவிடும். காதால் கேட்டால் குரலுக்கும் நாதஸ்வரத்துக்கும் இதைவிடப் பொருத்தமான கருவி என்னிடம் இல்லை. டிரையோடாகக் கட்டிய வால்வு சேர்க்கும் திரிபு பெரும்பாலும் மூலச் சுரத்தின் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மேல் ஸ்தாயியில் அதே சுரம். காது அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய இசைத்தட்டுப் பதிவுகள் இதில் கூர்மை மழுங்காமல், குத்தாமல் வருகின்றன.

இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் வால்வுகளின் பெயரைப் படியுங்கள். யூசிஎச், யூஎல், யூஒய் என்று 'யூ'வில் தொடங்கினால் அந்த செட்டைத் தொடாதீர்கள். அவை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி-டிசி ரேடியோக்கள். ஹீட்டர்கள் எல்லாம் சரமாகக் கோக்கப்பட்டு நேரே மெயினில் தொங்கும். சேசிஸ் தகடே மெயினின் ஒரு முனை. அதிலிருந்து ஒரு கம்பியைத் தலையில் மாட்டிக்கொள்வது மரணத்தோடு விளையாடுவது. 'ஈ' வரிசை வால்வானாலும், மெயினை முழுதாகப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருப்பதை மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு முள் பிளக்கைத் தூக்கியெறிந்துவிட்டு மூன்று முள் போட்டு, சேசிஸையும் ஹெட்ஃபோன் பக்கத்து செகண்டரியையும் எர்த் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். வால்வு வேலை பழகாதவர்கள் பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். பெட்டியும் டயலும் காயிலும் முழுசாக இருக்கும் ரேடியோவை இதற்காகப் பிரிக்காதீர்கள். கண்டென்சர்களை மாற்றினாலே பல செட்டுகள் மறுபடி பாடும்; மீடியம் வேவ்வில் ஆகாசவாணி இன்னும் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு வால்வு வேண்டுமென்றால் புதிதாகவே வாங்கலாம். ஸ்லோவாக்கியாவில் ஜேஜே நிறுவனம் ஈஎல்84-ஐ இன்றும் தயாரித்துக்கொண்டிருக்கிறது.