இடுப்பில் இருந்த இரும்பு

யாழ்ப்பாணத்துக்கு வில்லுக்கத்தி கப்பலில் வருமுன்பே இங்கே மடக்குக் கத்தி இருந்தது. அதை இடுப்பில் செருகித் திரிந்தவர்கள் சண்டியர்கள் அல்லர். கணக்கர், சட்டம்பியார், பரிகாரியார் என்று ஓலையோடு சீவித்தவர்கள். மடக்கெழுத்தாணி என்பது அதன் பெயர். ஒரே பிடியில் ஒருபக்கம் எழுதும் ஆணி, மறுபக்கம் ஓலை வாரும் சின்னக் கத்தி. வேலை முடிந்தால் இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும்.

ஆணி இருக்கக் கத்தி எதற்கு? பனையின் இளம் ஓலையை உலர்த்தி, அவித்து, மறுபடி காயவிட்டு, வழவழப்பாகத் தேய்த்தெடுத்தாலும் அது இன்னும் ஏடு அல்ல. ஈர்க்கை நீக்கி, இரண்டு ஓரத்தையும் ஒரே அளவாக வாரவேண்டும். ஓரம் பிசிறினால் ஏடு கட்டுக்குள் அடங்காது. அதன்பிறகுதான் ஆணியின் முறை. எழுதுகிறவர் இடக்கைப் பெருவிரல் நகத்தில் சிறு வெட்டு ஒன்று வைத்திருப்பார். ஆணி அதில் ஊன்றி நிற்கும். ஓலை மெல்ல நகரும். கீறி முடித்ததும் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால் எழுத்துக் கறுப்பாகத் தெரியும்.

பிறகு எழுத்தாணிக்குப் போட்டியாக அச்சு வந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தார்கள். 1834இல் மானிப்பாயில் அவர்களுடைய அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தம் சொந்த அச்சுக்கூடத்தை நிறுவினார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும் எழுத்தாணி கீறிய ஏடுகளை ஒப்புநோக்கித்தான். அச்சு பரவப் பரவ எழுத்தாணிக்கு வேலை குறைந்தது. சாதகம் எழுதவும் வாகடம் படியெடுக்கவும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்து, பிறகு அது பெட்டகத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

ஆண்களின் இடுப்பைவிட்டு அது போன பின்னும் பெண்களின் கையில் சத்தகம் இருந்தது. எங்கள் ஆச்சியின் சத்தகம் ஒரு சாணுக்கும் குறைவு. அலகும் காம்பும் ஒரே இரும்பு, கம்மாலையில் அடித்தது. காம்பின் நுனி ஊசியாகக் கூர்ந்திருக்கும். அலகால் சார்வோலையைக் கிழித்து ஈர்க்கெடுப்பா. கூரான நுனியால் இழையைத் தூக்கி, அடுத்த ஓலையை உள்ளே செருகுவா. கடகம், நீத்துப்பெட்டி, பனங்கட்டிக் குட்டான் எல்லாம் அந்த ஒரு கருவியில் பிறந்தவை. 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஆச்சியின் கொட்டைப்பெட்டியில் வெற்றிலை, பாக்குவெட்டியோடு சத்தகமும் இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் மறைப்புக் கட்ட ஓலை கிழித்ததும் அதுதான்.

வில்லுக்கத்தி வேறு வழியாக வந்தது. மலாயா றெயில்வேயில் வேலைபார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பிய தலைமுறையில் எங்கள் அப்புவும் ஒருவர். அவருடையது ஷெஃபீல்டில் செய்த றொட்ஜர்ஸ். அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் பொறித்திருக்கும். புகையிலை நறுக்க, பென்சில் சீவ, கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தோல் உரிக்க எல்லாவற்றுக்கும் அதுவே. எனக்கொரு கத்தி வாங்கச் சந்தைக்குப் போனபோது சொன்னார்: “விரிச்சுப்போட்டு அலகை ரெண்டு பக்கமும் ஆட்டிப் பார். ஆடினா வைச்சிட்டு வா, தம்பி.” பிறகு கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்றுத் தெரிந்தால் அது தேறாது. மூடும்போது சத்தம் ஒரே வெட்டாகக் கேட்கவேண்டும். இழுபட்டால் வில் சோர்ந்தது என்று அர்த்தம். பிடியின் மினுக்கத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போர்க்காலத்தில், சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டவேண்டியிருந்ததால், கத்தியை வீட்டில் விட்டுப்போகப் பழகினோம். போர் முடிந்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை. இன்றைக்கு இளைஞர்கள் பல கருவி சேர்ந்த வெளிநாட்டுக் கத்திகளைப் படம் பார்த்து வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் நாளாந்தம் எதை வெட்டப்போகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எழுத்தாணிக் கத்தியும் சத்தகமும் அந்தக் கேள்விக்குப் பிறந்த விடைகள். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக இடுப்பிலும் கையிலும் இருந்தன.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏடுகளும் எரிந்தன. வேறு இடங்களில் எஞ்சிய ஏடுகளை நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் மின்னாக்கம் செய்கின்றன. அவற்றை எழுதிய இரும்போ இன்னும் பல வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அரத்தாள் போட்டுத் தேய்க்காமல், எண்ணெய்த் துணியால் துடைத்து, யாருடையது, எந்த ஊர், என்ன வேலைக்கு என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டிவையுங்கள். வைத்திருக்க இடமில்லையென்றால் நாவலர் வீதியிலுள்ள அருங்காட்சியகத்தில் போய்க் கேளுங்கள்.