'ஆட்குறைப்பு' என்ற சொல்லின் வழக்கு வரலாறு

கொச்சியின் பிராட்வேயில் கடைத் தொழிலாளர் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தும்போது முதலாளி சொல்வது பெரும்பாலும் மூன்றே சொற்கள்: "நாளெ முதல் வரண்ட." கடிதமும் இருக்காது, காரணமும் இருக்காது. அத்தொழிலாளர் தமிழராக இருந்து, இது ஆட்குறைப்பா என்று நாம் கேட்டால், 'இல்லை, நிறுத்திவிட்டார்கள்' என்றுதான் விடை வரும். மொழியியல் நோக்கில் அவ்விடையில் பிழையில்லை. ஆட்குறைப்பு என்பது ஆட்களின் தொகையைக் குறைத்தல். ஒருவரை நிறுத்திவிட்டு அடுத்த வாரமே வேறொருவரைச் சேர்த்தால் தொகை குறையவில்லை. மலையாளத்தின் 'பிரிச்சுவிடல்' என்ற சொல்லில் எண்ணிக்கை பற்றிய குறிப்பே கிடையாது. அனுப்பிவிடுதல் என்ற செயல் மட்டுமே உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 1956 முதல் 1990 வரை 34 ஆண்டுகள் விவாதித்தது ஏறக்குறைய இவ்விரு பொருள்களுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான். தமிழ்ச் சொல் ஒரு பக்கத்தில் நின்றது. இறுதியில் வென்றது மலையாளச் சொல்லின் பக்கம்.

வரலாற்றைக் காயலுக்கு அக்கரையில், மட்டாஞ்சேரியில் தொடங்குவது பொருந்தும். கொச்சித் துறைமுகத்தில் அன்று 'சாப்பா' முறை நடப்பில் இருந்தது. காலையில் கூடிநிற்கும் கூட்டத்தினிடையே உலோக வில்லைகளை வீசுவார்கள். முட்டிமோதிப் பிடித்தவருக்கு அன்றைய வேலை, மற்றவர்க்கு இல்லை. (முத்திரை என்ற பொருளில் சாப்பா தமிழுக்கும் அந்நியமான சொல்லன்று.) இம்முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. காவல்துறை நடவடிக்கையில் சைது, செய்தலவி, ஆன்றணி ஆகிய மூவர் உயிரிழந்தனர். ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த 'துறமுகம்' திரைப்படத்தின் வழியே இன்றைய மாணவர் பலர் இதை அறிந்திருப்பர்.

அச்சூடு நடந்து 39 நாட்கள் கழித்து, 1953 அக்டோபர் 24 அன்று, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஐந்து-அ அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது. ஆட்குறைப்புக்கான நிபந்தனைகள் இந்திய அளவில் முதன்முறையாக எழுத்தில் அமைந்தது அதில்தான். இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அவசரச் சட்டத்தின் பின்னணி துணியாலைகளில் எழுந்த வேலையிழப்பு அச்சம். ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். தொடர்ந்து ஓராண்டு பணி, அதாவது பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்தவருக்கே புதிய பாதுகாப்பு. சாப்பாவைப் பிடிக்க ஒவ்வொரு காலையும் பாய்ந்தவரை யாரும் 'குறைக்க' வேண்டியதில்லை. மறுநாள் வில்லை அவர் பக்கம் விழாமல் இருந்தால் போதும்.

25-எஃப் பிரிவு கேட்பது மூன்று. காரணம் காட்டி ஒரு மாத எழுத்து முன்னறிவிப்பு, அல்லது அதற்கீடான ஊதியம், நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு, அரசுக்கு அறிவிப்பு. முதலிரண்டையும் நிறைவேற்றாத ஆட்குறைப்பு செல்லாது என்பது பம்பாய் மருத்துவமனை ஊழியர் வழக்கில் 1960இல் நிலைபெற்றது. மூன்றாவதை முன்நிபந்தனையாகக் கொள்ள முடியாது என்று பம்பாய்ப் பத்திரிகையாளர் சங்க வழக்கில் நீதிமன்றம் கூறிவிட்டது. 25-ஜி பிரிவின்படி, கடைசியில் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும். விலகினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பின்னர் ஆள் எடுக்கும்போது வெளியேற்றப்பட்டவருக்கு முன்னுரிமை என்கிறது 25-எச்.

சிக்கல் வரையறையில் இருந்தது. ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனையாக அல்லாமல், 'எக்காரணத்துக்காகவேனும்' முதலாளி பணியை முடித்தல் ஆட்குறைப்பு என்கிறது சட்டம். 'எக்காரணத்துக்காகவேனும்' என்பதை எவ்வளவு தூரம் நீட்டலாம்? பார்சி இலகு ரயில்வேயை அரசு எடுத்துக்கொண்டபோது பணி முடிக்கப்பட்டவர்களின் வழக்கில் (ஹரிபிரசாத் சிவசங்கர் சுக்லா) 1956 நவம்பர் 27 அன்று அரசியல் சாசன அமர்வு குறுகிய விடையைத் தந்தது: இயங்கிக்கொண்டிருக்கும் தொழிலில் மிகையான ஆட்களை நீக்குவதே ஆட்குறைப்பு; நிறுவனம் மூடப்பட்டாலோ கைமாறினாலோ அது பொருந்தாது. சொல்லின் வழக்குப் பொருள் வரையறையின் சொற்களை அடக்கிவிட்டது. நாடாளுமன்றம் 25-எஃப்எஃப், 25-எஃப்எஃப்எஃப் ஆகிய பிரிவுகளைச் சேர்த்து அவ்விடைவெளியை அடைத்தது. மூடல் இழப்பீட்டுக்கு அது குறித்த தொடக்க நாள் 1956 நவம்பர் 28, தீர்ப்புக்கு மறுநாள். சட்டமன்ற வரைவில் இவ்வளவு வெளிப்படையான பதிலடி அரிது.

அடுத்த திருப்பம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் விட்டுவிட்டுத் தற்காலிகக் காசாளராகப் பணியாற்றியவர் என். சுந்தரமணி. (தீர்ப்பின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மணி பணமாகிவிட்டிருக்கிறது, காசாளருக்கு ஏற்ற விபத்து.) அவருடைய நியமன ஆணை ஒன்பது நாட்களுக்கானது, காலம் முடிந்ததும் பணி தானே நின்றுவிடும் என்பது அதன் வாசகம். துண்டு துண்டான நாட்களைக் கூட்டினால் 240ஐத் தாண்டியது. நாங்கள் நீக்கவில்லை, ஆணையே முடிந்துவிட்டது என்றது வங்கி. 1976இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. வரையறையைப் பகுத்துப் பார்த்தால் ஆட்குறைப்பின் பொருட்பரப்பு விரிகிறது என்று எழுதியபோது, 'பொருண்மையியல்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே அவர் ஆண்டார். முடிவை ஆணைக்குள் முன்கூட்டியே எழுதிவைத்தாலும் முடித்தவர் முதலாளியே என்பது அவர் வாசிப்பு. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இருந்து, ஓய்வுக்குப் பின் பிராட்வேக்கு அதிகத் தொலைவில்லாத எர்ணாகுளம் மகாத்மா காந்தி சாலையில் வாழ்ந்தவர் அவர். இரு மொழிச் சொற்களும் அவர் காதில் ஒலித்திருக்கும் என்று நினைப்பது என் ஊகம் மட்டுமே.

1990இல் பஞ்சாப் நில மேம்பாட்டுக் கழக வழக்கில் ஐவர் அமர்வு விரிந்த பொருளையே உறுதிசெய்தது. தொழிலாளர் தரப்பு வென்றதாகவே பாடநூல்கள் இக்கதையை முடிக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1984இல், வரையறையில் 'பிபி' என்ற உட்கூறு நுழைந்துவிட்டிருந்தது: ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாமை ஆட்குறைப்பு ஆகாது. அதாவது நீதிமன்றம் சொற்றொடரின் வெற்றியை அறிவித்தபோது, சுந்தரமணியின் ஒன்பது நாள் ஆணை சட்டத்துக்குள் ஏற்கெனவே இடம்பிடித்திருந்தது. சாப்பாவுக்கும் அதற்கும் வேறுபாடு வில்லைக்குப் பதில் தாள் என்பதே.

'கலந்தாலோசனை' என்ற சொல்லுக்கு வருவோம். 1982ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை, பொருளாதாரக் காரணங்களால் பணிநீக்கம் செய்யுமுன் தொழிலாளர் பிரதிநிதிகளுடன் கலந்துபேசக் கோருகிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. நம் சட்டத்தில் அதற்கு நெருக்கமாக இருந்தது 9-அ பிரிவு: நான்காம் அட்டவணையில் உள்ள மாற்றங்களுக்கு, ஆள் எண்ணிக்கைக் குறைப்பு உட்பட, 21 நாள் முன்னறிவிப்பு. அறிவிப்பு கலந்தாலோசனை அன்று. இலங்கை வேறு வழியில் சென்றது. அங்கு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ இன்றிப் பணியை முடிக்க இயலாது.

நிவாரணத்தைப் பொறுத்தவரை, 1965 வரை தனியொரு தொழிலாளியின் நீக்கம், சங்கம் கையிலெடுத்தாலொழிய, தொழில் தகராறே ஆகாது. 2-அ பிரிவு அதை மாற்றியது. 2010 முதல், சமரச அலுவலரிடம் முறையிட்டு 45 நாட்கள் கழிந்தால் அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் தொழிலாளர் நீதிமன்றம் செல்லலாம் என்றானது. ஞாயிறும் ஊதியமுள்ள விடுமுறைகளும் 240இல் சேரும் என்று 1985இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்தது, 239ஆம் நாளில் அட்டையைக் கிழிக்கும் கணக்குகள் பலவற்றைக் குலைத்தது. ஆனால் பிற்காலத் தீர்ப்புகளில் மீள்பணி தானாகக் கிடைப்பதில்லை. நாட்கூலியர் வழக்கில் நடைமுறைக் குறை மட்டுமே இருந்தால் மொத்தத் தொகையாக இழப்பீடு என்ற போக்கு 2009இன் ஜக்பீர் சிங் வழக்கு முதல் வலுத்தது. பணி இழந்தவர் கேட்டது வேலையை. கிடைப்பது ஒரு காசோலை.

பிராட்வேயின் கடைத் தொழிலாளருக்கு இன்னொரு கதவும் உண்டு. கேரளத்தின் 1960ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ இன்றி நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். சென்னை மாகாணம் 1947லேயே தன் சட்டத்தின் 41ஆம் பிரிவில் இதை எழுதிவிட்டது. இங்கே 'ஆட்குறைப்பு' என்ற சொல்லை நிறுவ வேண்டிய தேவையில்லை. 'வரண்ட' என்று சொன்னதை நிறுவினால் போதும். சம்பளச் சீட்டும் வருகைப் பதிவும் கையில் இல்லாதவருக்கு அதுவும் எளிதன்று.

2025 நவம்பர் 21 முதல் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறையில் உள்ளது. அரசின் முன்அனுமதி தேவைப்படும் எல்லை 100 பேரிலிருந்து 300 பேருக்கு உயர்ந்துவிட்டது. நீக்கப்பட்டவர் தீர்ப்பாயத்தை அணுகுவதற்கான காலம் மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துள்ளது. 'எக்காரணத்துக்காகவேனும்' என்ற சொற்றொடர் புதிய வரையறையிலும் இருக்கிறது. நிர்ணயிக்கப்பட்ட காலத்துக்கான வேலை முடிவடைதல் ஆட்குறைப்பு ஆகாது என்ற விலக்கும் அதே வரையறையில் இருக்கிறது.